புதிய கள், பழைய மொந்தை: மல்ஹாலந்து சாலையில் ஒரு 1970 பாராகுடா

2019 செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. நள்ளிரவு கடந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் மேற்குப் பக்கம், கலபாசாஸ் ஊரை ஒட்டி, சாண்டா மோனிகா மலைகளுக்குள் வளைந்து வளைந்து போகிறது மல்ஹாலந்து ஹைவே. கோல்டு கேன்யன் சாலையிலிருந்து அதில் திரும்பிய ஒரு பிளைமவுத் பாராகுடா, திரும்பிய வேகத்திலேயே நிலைதடுமாறிச் சாலையை விட்டு விலகிப் பத்தடிப் பள்ளத்தில் போய் விழுந்தது.

உள்ளே மூன்று பேர். காருக்குச் சொந்தக்காரர் நகைச்சுவை நடிகர் கெவின் ஹார்ட். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவர் அவரல்ல, அவருக்குத் தெரிந்த இன்னொருவர். ஹார்ட்டை அவருடைய பாதுகாவலர்கள் முதலில் பக்கத்திலிருந்த வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், பிறகு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மற்ற இருவரும் நசுங்கிய கூரைக்கு அடியில் சிக்கிக்கொண்டதால் தீயணைப்புப் படை வந்து எடுக்க வேண்டியிருந்தது. ஹார்ட்டின் முதுகெலும்பில் மூன்று இடங்களில் முறிவு. அறுவை சிகிச்சை நடந்தது, பத்து நாள் போல மருத்துவமனையில் கிடந்தார். ஓட்டியவருக்கும் முதுகில் பலத்த காயம். மூன்றாமவர் பெரிய அடி இல்லாமல் தப்பினார்.

கலிபோர்னியா நெடுஞ்சாலைக் காவல்துறை அக்டோபரில் விசாரணையை முடித்தது. குடிபோதை இல்லை. திருப்பத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து முடுக்கிய பொறுப்பற்ற ஓட்டமே காரணம் என்றது அறிக்கை. மூவரில் ஒருவர்கூட சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை என்பதையும் அது பதிவு செய்தது.

காவல்துறைக்கு வழக்கு அத்தோடு முடிந்தது. ஓட்டியவர் மிதித்தார், கார் கவிழ்ந்தது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இந்தக் காரை ஒரு வண்டியாகப் பார்க்கிறவனுக்கு வேறொரு கேள்வி மிச்சமிருக்கிறது. இதே தவறை அதே வளைவில், அதே அளவு சக்தியுள்ள 2019ஆம் ஆண்டுக் காரில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், 'பழைய உடம்பு, புதிய இன்ஜின்' என்று கட்டப்படும் இந்த வகைக் கார்களின் அடிப்படைச் சிக்கல் கைக்குக் கிடைத்துவிடும். இவற்றுக்கு இரண்டு வயது. இன்ஜினுக்கு இன்றைய வயது, பதிவுக் காகிதத்தில் காருக்கு 1970. அந்த ஐம்பது ஆண்டு இடைவெளியில்தான் அன்று மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

சீலா மீன் பெயர் வைத்த கார்

பாராகுடா என்பது நம் மீன் சந்தையில் சீலா என்று விற்கும் மீன். கூரான பல், அம்பு மாதிரி உடம்பு. பிளைமவுத் அந்தப் பெயரில் ஒரு காரை 1964 ஏப்ரல் 1 அன்று வெளியிட்டது. ஃபோர்டு மஸ்டாங் வந்ததோ ஏப்ரல் 17. பதினாறு நாள் முந்தியும் பெயர் தட்டிக்கொண்டு போனது மஸ்டாங்தான். இன்றுவரை அந்த வகைக் கார்களுக்கே 'போனி கார்' என்று குதிரையின் பெயர். மீனுக்கு யாரும் வகை வைக்கவில்லை.

முதல் இரண்டு தலைமுறைப் பாராகுடாக்களும் வேலியன்ட் என்ற சிறிய காரின் மேல் கட்டப்பட்டவை. 1970இல் வந்த மூன்றாவது தலைமுறைதான் இன்று எல்லோரும் தேடுவது. ஜான் ஹெர்லிட்ஸ் வரைந்த உடம்பு. நீளமான மூக்கு, குட்டையான பின்பகுதி, அகன்ற இடுப்பு. டாட்ஜ் சேலஞ்சரோடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்டது. முன்னும் பின்னும் உள்ள சக்கரங்களுக்கு இடையே 2.74 மீட்டர். பெரிய கார்களின் முன்பகுதி அகலத்தை இதற்கும் வைத்ததால், பிளைமவுத்தின் தாய் நிறுவனமான கிறைஸ்லர் கையிலிருந்த எந்த இன்ஜினையும் இதன் மூக்குக்குள் இறக்க முடிந்தது. 3.7 லிட்டர் ஆறு சிலிண்டர், 145 குதிரைத்திறன் என்று சாதுவாகவும் வாங்கலாம். 7 லிட்டர் 'ஹெமி' இன்ஜின், 425 குதிரைத்திறன் என்று வெறியோடும் வாங்கலாம். ஹெமி போட்ட கூரை வைத்த கார்கள் 1970இல் 652தான் விற்றன. வாங்கியவர்கள் பலர் இளைஞர்கள், காப்பீட்டுக் கட்டணமோ எக்கச்சக்கம். புகைக் கட்டுப்பாடு வந்தது, பெட்ரோல் தட்டுப்பாடும் வந்தது. 1974 ஏப்ரல் 1 அன்று கடைசிப் பாராகுடா வெளியே வந்தது. பிறந்த அதே தேதியில், சரியாகப் பத்தாவது ஆண்டில்.

இந்த 425 என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் இன்ஜினைத் தனியாக மேடையில் வைத்து, சைலன்சர், மின்னாக்கி, விசிறி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அளந்த சக்தியைத்தான் விளம்பரத்தில் போட்டன. 1972இல்தான் காரில் இருக்கிற கோலத்திலேயே அளக்கும் வழக்கம் வந்தது. ஆகவே அன்றைய 425ஐயும் ஹார்ட்டின் காருக்குச் சொல்லப்பட்ட 720ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் 295 என்று தோன்றும். உண்மை வித்தியாசம் அதைவிடப் பெரியது.

சரி, அந்தக் காலத்து உடம்பு எப்படி இருந்தது? முன்னால் முறுக்குக் கம்பி சஸ்பென்ஷன், பின்னால் நம் லாரிகளில் பார்க்கிற அதே லீஃப் ஸ்பிரிங். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்பதே இயல்பு. முன் டிஸ்க் வேண்டுமென்றால் தனிக் காசு. பவர் ஸ்டீயரிங் ஒரு விரலால் திருப்பலாம், ஆனால் சக்கரம் எங்கே பார்க்கிறது என்று கைக்குச் சொல்லாது. டயர் ரேடியல் அல்ல. நேர்க்கோட்டில் கால் மைல் பறப்பதற்குப் பிறந்த வண்டி, வளைவு என்பது அதற்கு இடையூறு.

மறுபிறப்பு

ஹார்ட்டின் கார் இந்த நிலையில் இருந்ததல்ல. விஸ்கான்சின் மாநிலம் கிராஃப்டனில் உள்ள ஸ்பீட்கோர் பட்டறையில் கட்டப்பட்டது. மசில் கார்கள் எனப்படும் பெரிய இன்ஜின் போட்ட பழைய அமெரிக்கக் கார்களுக்குக் கார்பன் ஃபைபரில் உடம்பு வார்ப்பதற்குப் பெயர் போன இடம். 2019 ஜூலையில் தன் நாற்பதாவது பிறந்தநாளுக்குத் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட பரிசாக அந்தக் கார் ஹார்ட்டிடம் வந்தது. சக்தி 720 குதிரைத்திறன் என்று அன்றைய செய்திகள் எழுதின. விபத்து நடந்தபோது கார் அவர் கைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

இந்த வகைக் கட்டுமானம் எப்படி நடக்கும் என்பதைப் பொதுவாகச் சொல்கிறேன். உண்மையான ஹெமி பாராகுடாவை யாரும் வெட்டுவதில்லை. 1971ஆம் ஆண்டுத் திறந்த ஹெமி பாராகுடா ஒன்று 2014இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. அதில் கை வைப்பவன் பைத்தியக்காரன். ஆறு சிலிண்டரோடு பிறந்து, எங்கோ கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த உடம்புதான் பட்டறைக்கு வரும். முதல் வேலை மணல் வீசித் துருவைக் கழுவுவது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு எல்லாம் வெட்டிப் புதிது வைப்பார்கள். பின் சக்கர வளைவை உள்பக்கமாக அகலப்படுத்தினால்தான் 300 மில்லிமீட்டருக்கு மேல் அகலமுள்ள டயர் உள்ளே போகும். முறுக்குக் கம்பிகள் போய் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகக் கோத்த காயில்ஓவர் வரும். ஸ்டீயரிங் பெட்டி போய் ரேக் அண்ட் பினியன் வரும். பின்னால் லீஃப் ஸ்பிரிங்குக்குப் பதில் நான்கு கை வைத்த அமைப்பு. பிரேக்குக்கு ஆறு பிஸ்டன் காலிப்பர், சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய டிஸ்க். டிங்கரிங்கும் பெயின்ட்டும் மட்டும் ஆயிரக்கணக்கான மணி நேரம் தின்னும். ஒரு கதவு இடுக்கு மூன்று மில்லிமீட்டர் என்றால் மேலிருந்து கீழ் வரை மூன்றே இருக்க வேண்டும்.

இன்ஜின்தான் இதில் சுலபம். 2017 கடைசியில் கிறைஸ்லரின் உதிரிபாகப் பிரிவான மோப்பர் 6.2 லிட்டர் ஹெல்கேட் இன்ஜினைப் பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தது. காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் 2.4 லிட்டர் சூப்பர்சார்ஜர், 707 குதிரைத்திறன், 880 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அப்போதைய விலை 19,530 டாலர். வயரிங், கம்ப்யூட்டர், பெடல் எல்லாம் சேர்ந்த தொகுப்பும் தனியாகக் கிடைத்தது. காலையில் குளிரில் ஒரே திருகில் ஸ்டார்ட் ஆகும். ஏசி போட்டுக்கொண்டு நெரிசலில் நிற்கலாம். பழைய ஹெமியின் இரட்டைக் கார்பரேட்டரைச் சமாளித்தவர்களைக் கேட்டால் தெரியும், இது எவ்வளவு பெரிய வரம் என்று.

எனக்கும் இந்தக் கார்கள் மேல் ஆசை உண்டு. அதை மறைத்துக்கொண்டு எழுதுவதில் அர்த்தமில்லை. ஆனால் மேலே சொன்ன பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். போக, திரும்ப, நிற்க எல்லாமே புதிது. மோதினால் என்ன செய்வது என்பதற்கு அந்தப் பட்டியலில் ஒரு வரி இல்லை.

திருப்பத்தில் நடக்கும் கணக்கு

மலைச் சாலைத் திருப்பத்தில் இவ்வளவு சக்தி என்ன செய்யும்? ஹார்ட்டின் காரை நான் அளக்கவில்லை. இந்த வகையில் ஒரு காரை எடுத்துக்கொள்வோம்: எடை 1,600 கிலோ, அதில் 47 சதவீதம் பின் சக்கரங்களில். முறுக்குவிசை 880 நியூட்டன் மீட்டர். முதல் கியரும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து அதை எட்டரை மடங்காக்கும் என்று வைத்துக்கொள்வோம். வழியில் தேயும் சக்தியைக் கழித்து, டயரின் ஆரம் 34 சென்டிமீட்டர் என்று வகுத்தால், பின் டயர்கள் சாலையைப் பின்னோக்கித் தள்ளும் விசை ஏறக்குறைய 2,000 கிலோ எடைக்குச் சமம்.

டயருக்கு அவ்வளவு பிடிமானம் இருக்கிறதா? பின் சக்கரங்களில் நிற்கும் போது 750 கிலோ. முடுக்கும்போது கார் பின்னால் சாய்வதால் இன்னொரு 150, 170 கிலோ சேரும். நல்ல டயர், காய்ந்த சாலை என்றால் அந்த எடைக்குச் சமமான பிடிமானம் கிடைக்கும். அதாவது சுமார் 900 கிலோ. இன்ஜின் கொடுப்பது 2,000, டயர் தாங்குவது 900. இரண்டாம் கியரிலும் இன்ஜின் பக்கமே தட்டு சாயும். இது நேர்க்கோட்டுக் கணக்கு.

திரும்பும்போது அந்த 900இலிருந்து பக்கவாட்டுக்கும் பங்கு கொடுக்க வேண்டும். பத்து மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தை மணிக்கு 30 கிலோமீட்டரில் எடுத்தால், டயரின் பிடிமானத்தில் எழுபது சதவீதம் பக்கவாட்டிலேயே போய்விடும். இரண்டும் செங்குத்தாக இருப்பதால் முன்னோக்கித் தள்ள மிஞ்சுவது சுமார் 640 கிலோ. அந்த நேரத்தில் பெடலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழுத்தினாலே பின் டயர்கள் சுழன்று பிடியை விடும். சுழல்கிற டயருக்குப் பக்கவாட்டுப் பிடியும் போய்விடுவதால் காரின் பின்பகுதி வெளிப்பக்கமாக வீசும்.

அடுத்து நடப்பதுதான் ஆளைக் கொல்வது. பயந்துபோய்க் காலை எடுத்துவிடுவோம். இன்ஜின் சட்டென்று அடங்கி, எடை முன்னால் சாய்ந்து, பின் டயர்கள் மீண்டும் சாலையைக் கவ்வும். அதற்குள் எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்த ஸ்டீயரிங் காரை இன்னொரு பக்கம் சுண்டிவிடும். பந்தயப் பாதையில் இதற்கு இடமுண்டு. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம் என்றிருக்கும் இருவழிச் சாலையில் இல்லை. சூப்பர்சார்ஜர் இன்ஜின் இதில் இன்னும் மோசம். பழைய ஹெமி உச்ச வேகத்தில் சுற்றினால்தான் கத்தும், இது குறைந்த சுற்றிலேயே பெரும் பலத்தைக் கொட்டும். பழைய கார் ஓட்டிப் பழகிய காலுக்கு அது எதிர்பாராத அடி.

இரண்டு சாவி

இதே கணக்கு தொழிற்சாலைக்கும் தெரியும். 2015 மாடலாக டாட்ஜ் நிறுவனம் சேலஞ்சர் ஹெல்கேட் என்று 707 குதிரைத்திறன் காரைக் காட்சியறையில் வைத்து விற்றபோது, ஒவ்வொரு காருக்கும் இரண்டு விதச் சாவி கொடுத்தது. சிவப்புச் சாவி போட்டால் முழுச் சக்தி. கறுப்புச் சாவி போட்டால் 500க்கு மேல் இன்ஜின் தராது. வண்டியை நிறுத்தக் கொடுக்கும் ஆளிடம் சாவியை நீட்டும்போது இன்னும் குறைக்கும் ஏற்பாடும் உண்டு. விற்கிறவனே 'எல்லோரிடமும் இதைக் கொடுக்காதே' என்று சாவியில் நிறம் பூசிச் சொன்னான். மல்ஹாலந்து சாலையில் ஓட்டியவர் உரிமையாளர் அல்லர் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொழிற்சாலைக் காரில் இன்னொன்றும் இருந்தது: மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு. ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று ஒரு சென்சார் பார்க்கும். கார் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று நடுவிலிருக்கும் இன்னொன்று பார்க்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், எந்தச் சக்கரத்தைப் பிடித்தால் கார் நேராகுமோ அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு, இன்ஜினையும் அடக்கும். ஓட்டுபவர் பயந்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். தனியாகப் போகும் கார் நிலைதடுமாறும் விபத்துகள் இதனால் 34 சதவீதம் குறையும் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆணையம் 2007இல் மதிப்பிட்டது. 2011 செப்டம்பருக்குப் பிறகு அங்கே விற்கும் ஒவ்வொரு புதுக் காரிலும் கட்டாயம்.

பழைய காரில் இதை ஏன் பொருத்துவதில்லை? சக்கரச் சுழற்சி உணரிகளும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பெட்டியும் கடையில் கிடைக்கும்; பாஷ் நிறுவனம் பந்தயக் கார்களுக்கு விற்கும் ஏபிஎஸ் தொகுப்பைச் சில பட்டறைகள் வாங்கிப் பொருத்துகின்றன. சிக்கல் பெட்டியில் இல்லை, அதற்குள் இருக்கும் எண்களில். எடை, உயரம், டயர், ஸ்பிரிங் ஒவ்வொன்றுக்கும் ஏற்ப அந்த எண்களைத் திருத்த வேண்டும். பெரிய நிறுவனங்கள் இதற்காக ஸ்வீடனில் உறைந்த ஏரிகள் மேல் குளிர்காலம் முழுவதும் காரை ஓட்டுகின்றன. சட்டத்துக்கான சோதனையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் இயந்திரக் கை ஸ்டீயரிங்கை வெட்டி வெட்டித் திருப்பும். ஒரே ஒரு கார் கட்டும் பட்டறைக்கு இந்தச் செலவு கட்டாது. இதில் பட்டறைகள் மேல் எனக்குக் குறை இல்லை.

ஆனால் பெடலை மட்டுப்படுத்துவது அப்படியல்ல. இந்த இன்ஜின்களில் பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே கம்பி கிடையாது, கம்ப்யூட்டர்தான் தரகர். முதல் இரண்டு கியரில் இவ்வளவுதான் என்று கம்ப்யூட்டரில் வரம்பு எழுதிவைக்கப் புதிதாக எந்த உதிரிபாகமும் வேண்டாம். கறுப்புச் சாவியின் வேலையைப் பட்டறையிலேயே செய்துவிடலாம். செய்தால் வாடிக்கையாளர் முதல் நாளே கேட்பார்: 'இவ்வளவு காசு கொடுத்தேனே, எங்கே என் குதிரைகள்?'

பட்டையும் தூணும்

சீட் பெல்ட் போடாதது அவர்கள் தவறு. அதில் வழக்கில்லை. ஆனால் 1970 காரில் பெல்ட் எப்படி இருந்தது என்பதும் கதையில் சேர்ந்ததுதான்.

அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் முன் இருக்கைகளுக்கு இடுப்புப் பட்டையும் தோள் பட்டையும் கட்டாயம். ஆனால் அவை ஒன்றாகக் கோத்தவை அல்ல. இடுப்புக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கொக்கி. தோள் பட்டை கதவுக்கு மேலே கூரை ஓரத்தில் கிளிப்பில் செருகித் தொங்கும். எடுத்து, நீளம் சரிசெய்து, மாட்ட வேண்டும். மாட்டினால் ரேடியோவை எட்டித் தொட முடியாது. யார் மெனக்கெடுவார்கள்? இன்று நாம் ஒரே இழுப்பில் போடும் மூன்று முனைப் பட்டை அங்கே 1974 மாடல்களில்தான் கட்டாயமாக வந்தது.

பாராகுடாவில் இன்னொரு பிரச்சினை. அது நடுத்தூண் இல்லாத கார். முன் கதவுக் கண்ணாடியையும் அதற்குப் பின்னால் உள்ள பக்கவாட்டுக் கண்ணாடியையும் இறக்கிவிட்டால் பக்கவாட்டு முழுக்கத் திறந்து கிடக்கும். அழகு என்றால் அப்படியொரு அழகு, இந்தக் காரை ஆயிரம் கார் நடுவே அடையாளம் காட்டுவதே அந்தத் திறப்புதான். ஆனால் இன்றைய காரில் தோள் பட்டையின் மேல் முனையைத் தாங்குவது அந்தத் தூண். கார் கவிழ்ந்தால் கூரையைத் தாங்குவதும் அதுதான். பாராகுடாவில் முன் கண்ணாடி ஓரத்துக் கம்பியும் பின்புறத் தகடும் மட்டுமே கூரையைப் பிடித்திருக்கின்றன. கூரை நசுங்குவதற்கான விதி 1973இல்தான் அமலுக்கு வந்தது. கதவுக்குள் குறுக்குக் கம்பி வைக்கும் விதியும் அதே ஆண்டு. ஏர்பேக் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாக 1997 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விபத்துப் படங்களில் அந்தப் பாராகுடாவின் கூரை இருந்த கோலத்தைப் பார்த்தவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

'அப்படியென்றால் பந்தயக் கார் மாதிரி உள்ளே இரும்புக் கூண்டு போட்டுவிடலாமே' என்று தோன்றும். பந்தயத்தில் தலையில் ஹெல்மெட் இருக்கிறது. கடைக்குப் போகிற காரில் ஹெல்மெட் இல்லாத தலைக்கு நாலு விரல் தூரத்தில் இரும்புக் குழாய் ஓடினால், சின்ன மோதலிலேயே மண்டை போய் அதில் மோதும். உறை போட்டாலும் பந்தயத்துக்கான உறை ஹெல்மெட்டுக்காகக் கடினமாகச் செய்தது. பின் இருக்கைக்கு மேல் ஒரு வளையம், முன்னால் ஒன்றும் இல்லாமல் விடுவது நடுவழி. நான்கு முனை, ஐந்து முனைப் பட்டைகளிலும் இதே இக்கட்டு: அவை உடம்பை இருக்கையோடு நிமிர்த்திக் கட்டிவிடும், கூரை இறங்கினால் சாய்ந்து தப்பிக்க இடம் இருக்காது. ஆகவே வளையம் இல்லாமல் அந்தப் பட்டை போடக்கூடாது. மூன்று முனைப் பட்டைக்குத் தூண் இல்லாத இடத்தில், கூரை ஓரத்தையும் தரையையும் உள்ளிருந்து பலப்படுத்தி முனை பொருத்துவதுதான் சாலைக் காருக்குச் சரியான வழி. இதைச் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. காட்சி அரங்கில் யாரும் குனிந்து பார்க்காத வேலை அது.

ஆர்.சி. புக்கில் எழுதிய ஆண்டு

இவ்வளவையும் சட்டம் எப்படி அனுமதிக்கிறது? அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் காரைத் தயாரித்து முதன்முதலில் விற்பவரைக் கட்டுப்படுத்துபவை. 1970இல் அந்தப் பாராகுடா அன்றைய விதிகளுக்கு உட்பட்டு விற்கப்பட்டது. அதோடு அதன் கடன் தீர்ந்தது. பின்னால் வேலை செய்யும் பட்டறை, இருக்கிற பாதுகாப்பு அம்சத்தைப் பிடுங்கி எறியக்கூடாது. புதிதாக எதையும் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. உடம்பில் பாதி மாறினாலும், சக்தி ஐந்து மடங்கானாலும், தகட்டில் குத்திய எண் 1970 என்றால் அது 1970 கார்.

இதில் விசித்திரம் என்னவென்றால், சந்தையே இந்த ஆண்டுக் கணக்கின் மேல்தான் நடக்கிறது. மோப்பரின் அந்தப் பெட்டி இன்ஜின், 1976க்கு முந்தைய வண்டிகளுக்கு மட்டும் என்று அறிவித்தே விற்கப்பட்டது. காரணம் புகை. கலிபோர்னியாவில் 1975 வரையிலான கார்களுக்குப் புகைச் சோதனை கிடையாது. பழைய கார்கள் குறைவு, குறைவாகவே ஓடுகின்றன, அவற்றைத் தொந்தரவு செய்வானேன் என்ற இரக்கத்தில் வைத்த விலக்கு. அந்த இரக்கம்தான் இன்று 700 குதிரைத்திறன் இன்ஜின் சட்டப்படி நுழையும் வாசல். 2016 காரில் இதைப் போட முடியாது. ஏர்பேக்கும் நிலைப்புக் கட்டுப்பாடும் இருக்கிற, இந்தச் சக்தியைத் தாங்கத் தெரிந்த காரில் போடக்கூடாது. அவை எதுவும் இல்லாத காரில் போடலாம். புகை விதி எழுதியவர்களுக்கு இந்த எண்ணம் இருந்திருக்காது. ஆனாலும் இரண்டு விதிகளையும் ஒட்டவைத்துப் பார்த்தால் கிடைக்கும் பொருள் இதுதான்.

அரசு ஒரு வரி எழுதினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு: இத்தனை குதிரைத்திறனுக்கு மேல் என்றால் இன்றைய பெல்ட் கட்டாயம் என்று. நான் அதை எதிர்க்க மாட்டேன். ஆனால் ஆண்டுக்கு ஒரு சில நூறு மைல் ஓடும் சில ஆயிரம் கார்களுக்காக யாரும் அவசரப்பட்டு விதி எழுதப்போவதில்லை. அதுவரை பொறுப்பு பட்டறையிடமும் வாங்குகிறவரிடமும்தான் இருக்கிறது. இப்படியொரு காரைக் கட்டக் கொடுக்கும் எவரிடமும் நான் கேட்கச் சொல்வது வண்ணத்தையோ டயர் அகலத்தையோ அல்ல. பெல்ட்டின் மேல் முனை எதில் பொருத்தப்பட்டிருக்கிறது, வேறொருவர் ஓட்டும்போது சக்தியைக் குறைக்க வழி என்ன, இருக்கைகள் எத்தனை பேருக்கானவை. மூன்றுக்கும் பதில் இல்லாத பட்டறையில் இரண்டாவது காப்பி குடிக்கக்கூட உட்கார வேண்டியதில்லை.

2018 அக்டோபர் இறுதியில் மோப்பர், ஹெலிஃபன்ட் என்று இன்னொரு பெட்டி இன்ஜினைக் காட்டியது. 7 லிட்டர், 1,000 குதிரைத்திறன், 29,995 டாலர், இதுவும் 1976க்கு முந்தைய வண்டிகளுக்கு. 2019 ஏப்ரல் 26 அன்று முன்பதிவு திறந்தது; இரண்டே நாளில் எல்லாம் விற்றுப்போயிற்று. முதுகு தேறி எழுந்த ஹார்ட்டுக்கு 2021இல் இன்னொரு கார் வந்தது. 1970 டாட்ஜ் சார்ஜர், கார்பன் ஃபைபர் உடம்பு, பெயர் ஹெல்ரைசர். உள்ளே இருந்தது அந்த ஹெலிஃபன்ட்.